காலி வண்டிக்குச் சார்ஜ் இல்லை

திருவொற்றியூர். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் வரிசையில், பாரம் ஏற்றக் காலி வண்டியோடு நிற்கிறேன். நாமக்கல் ஆஸ்பத்திரியில் என் மகளுக்குப் பிரசவ வலி. என் போன் அணைந்துவிட்டது.

டீக்கடை அக்கா போனை வாங்கிச் சார்ஜரில் செருகுகிறார். லாரி நம்பரை அட்டையில் எழுதி அதோடு கட்டுகிறார்.

"சார்ஜ் எவ்வளவுக்கா?"

"காலி வண்டிக்காரன்கிட்ட துட்டு வாங்க மாட்டேன் நைனா. இங்க டீ குடிக்க வர்ற இங்கிலீஷ் வாத்தியார் சொன்னாரு. சார்ஜுன்னா மொதல்ல வண்டில பாரம் ஏத்தறதுதானாம். துட்டு, கரண்டு எல்லாம் அப்பால வந்த அர்த்தமாம். பாரம் ஏத்திகினு வா, வாங்கிக்கிறேன்."

"இந்தப் பக்கம் வராமலே போயிட்டா?"

"போயி இன்னா, அந்தத் துட்டுல பங்களா கட்டிடுவியா?"

வரிசை நகர்கிறது. சார்ஜ் ஏறட்டும் என்று போனைக் கடையிலேயே விட்டுவிட்டு வண்டியை எடுக்கிறேன். பத்து லாரி நீளம் போயிருப்பேன். அக்கா போனைக் காதில் வைத்தபடி ஓடி வருகிறார்.

"பேத்தி பொறந்துக்கிறா நைனா! ரெண்டு பேரும் நல்லாகீறாங்கோ!"

போனை என் ஜன்னலுக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறார். அதில் குழந்தை அழுகிறது. பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள்.

அடிக்கட்டும். வண்டியை நிறுத்துகிறேன்.