மறைத்து வைத்த தோள்

வலது கை பின்னால் போகவில்லை என்பதைச் சலவை ஆலையின் உடை மாற்றும் அறையில்தான் முதலில் கவனித்தேன். காற்சட்டையின் பின் பையிலிருந்து சீப்பை எடுக்கப் போனேன். கை இடுப்பு வரை போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் தள்ளினால் தோளுக்குள் யாரோ ஊசியை வைத்துத் திருகுவது போல இருந்தது. மாசி மாதக் குளிர்தான் காரணம் என்று நினைத்து, இடது கையைச் சுற்றி வளைத்துச் சீப்பை எடுத்துத் தலை சீவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கப்பலில் துணி தோய்க்கும் வேலை செய்துவிட்டு, ஜெர்மனியில் பிரேமன் துறைமுகத்தில் கரையிறங்கி, பீலெஃபெல்டில் ஒரு பெரிய சலவை ஆலைக்கு வந்து சேர்ந்தவன். என்னோடு அதே கப்பலில் வேலை செய்த ஒருவர் எனக்கு ஒரு வருடம் முன்பே அங்கே சேர்ந்திருந்தார். என்னிலும் மூன்று வயது மூத்தவர். அண்ணை என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டு இருந்தோம். ஜெர்மன் அவருக்கு நன்றாக வரும். எனக்குக் கேட்டால் பாதி விளங்கும், பேச வாய் வராது. தமிழிலேயே நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

ஆலையில் நாங்கள் ஒரு சோடி. ஈரமான படுக்கை விரிப்பை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி ஓர் உதறு உதறி, சூடான உருளைகளுக்குள் சுருக்கம் இல்லாமல் செலுத்த வேண்டும். ஒருவர் கை ஒருவர் கையோடு ஒத்துப்போகாவிட்டால் விரிப்பு கோணலாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும். சோடி இல்லாதவர்களை அழுக்குப் பிரிக்கும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். மருத்துவமனைகளிலிருந்து வரும் துணிகளை அங்கே கையால் பிரிக்க வேண்டும். நான் வந்து சேரும் வரை அண்ணை அங்கேதான் நின்றார். அந்த வருடத்தில் தனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

பங்குனி மாதம் வலி இரவிலும் வரத் தொடங்கியது. வலப்பக்கம் புரண்டு படுத்தால் விழித்துவிடுவேன். சித்திரையில் கையைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்க முடியவில்லை. வாரத்துக்கு வாரம் கை குறைந்துகொண்டு வந்தது. முந்தின வாரம் எட்டிய கொக்கி இந்த வாரம் எட்டாது.

அண்ணையிடம் சொன்னேன். அன்று மாலையே நல்லெண்ணெயைச் சூடாக்கித் தோளில் தேய்த்துவிட்டார். "இது குளிர்ப் பிடிப்பு. அசைக்காமல் வைச்சிரு, தானா விட்டிடும்" என்று தலை துவட்டும் துவாயைக் கழுத்தில் கட்டி அதில் கையைத் தொங்கவிட்டார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கை அந்தத் துவாயில்தான் கிடந்தது. காலையில் என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவார், சீப்பால் தலை இழுத்துவிடுவார்.

"நேரா நில்லடா தம்பி. பொம்பிளை பாக்கப் போறவன் மாதிரி இருக்கோணும்" என்பார்.

"இந்தக் கையோட ஆர் அண்ணை பொம்பிளை தருவினம்?"

"கை ஆருக்கு வேணும்? மாதம் மார்க் காசு வருதோ எண்டுதான் பாப்பினம்."

இரண்டு பேரும் சிரிப்போம். அவர் மீது எனக்கு அப்போது இருந்த மதிப்பை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

டொக்டரிடம் போவோமா என்று ஒரு நாள் கேட்டேன். அண்ணை எண்ணெய்ப் போத்தலை மூடிக்கொண்டே சொன்னார்: "போகலாம். டொக்டர் கை ஏலாது எண்டு எழுதுவான். அந்தக் கடுதாசி செஃபினிட்டப் போகும். அடுத்த கிழமை உன்னை நிப்பாட்டிப் போடுவா. வேலை இல்லாட்டி விசாவும் இல்லை. உனக்கு விருப்பமெண்டா சொல்லு, கூட்டிக்கொண்டு போறன்."

செஃபின் என்று நாங்கள் சொன்னது எங்கள் பகுதிக்குப் பொறுப்பான பெண்ணை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், உயரமானவர், சத்தமாகப் பேசுவார். அவரைக் கண்டாலே எனக்குப் பயம். "வேண்டாம் அண்ணை" என்றேன்.

அதன்பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து தோளை மறைப்பதே என் வேலையாகிவிட்டது. அவர் வருவது தெரிந்தால் வலது பெருவிரலை ஏப்ரன் பைக்குள் சொருகிக்கொண்டு, சும்மா நிற்பவன் போல நிற்பேன். கோப்பியை இடது கையால் குடிப்பேன். வேலையிலும் அண்ணை வழி கண்டுபிடித்தார். விரிப்பைத் தலைக்கு மேலே தூக்காமல், இடுப்பு உயரத்தில் தன் பக்கமிருந்து மட்டும் ஒரு சுண்டு சுண்டி உருளைக்குள் விடுவார். நான் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். செஃபின் சில நாட்கள் தூரத்தில் நின்று என்னையே பார்ப்பார். பிறகு அண்ணையைக் கூப்பிட்டு ஏதோ கேட்பார். அண்ணை திரும்பி வந்து, "சந்தேகப்படுறா, கவனம்" என்பார். நான் இன்னும் ஒடுங்கிப்போவேன்.

ஆவணியில் ஒரு மாலை, ஒட்டிக்கொண்டதை உடைத்துவிட்டால் சரி என்று சொல்லி, என் கையைப் பிடித்து ஒரே வீச்சில் மேலே இழுத்தார் அண்ணை. கண் இருண்டு கட்டிலில் விழுந்தேன். இரண்டு கிழமை தூக்கமில்லை. அப்போதும் அவரைக் குறை நினைக்கவில்லை.

ஐப்பசியில் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அண்ணை பொன் நகரிலிருந்த எங்கள் தூதரகத்துக்குப் போனார். அன்று மட்டும் ஒரு துருக்கிப் பெண்ணை எனக்குச் சோடியாக விட்டார்கள். அவளுக்கு எங்கள் ஏற்பாடு ஒன்றும் தெரியாது. முதல் விரிப்பையே முறைப்படி தலைக்கு மேலே தூக்கி, பலமாக உதறினாள். என் கையும் விரிப்போடு மேலே போனது. நான் போட்ட சத்தத்தில் உருளையையே நிறுத்திவிட்டார்கள். முழங்காலில் கிடந்து அழுதேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செஃபின் ஓடி வந்தார். வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் வரப்போகிறது என்று நினைத்தேன். அவரோ தன் மேலங்கியை எடுத்து என் தோளில் போட்டு, தன் காரிலேயே டொக்டரிடம் கூட்டிப் போனார்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் என் பெயரைக் கேட்டாள். பெட்டியில் தேடி ஓர் அட்டையை எடுத்தாள். நான் அந்த இடத்துக்கு முன்பு போனதே இல்லை. ஆனால் அட்டையில் என் பெயர் இருந்தது. அதன் கீழே இரண்டு திகதிகள். ஒன்று நான்காம் மாதம், மற்றது எட்டாம் மாதம். இரண்டின் மீதும் கோடு இழுத்திருந்தது. எண்கள் எந்த மொழியிலும் எனக்கு வாசிக்க வரும். செஃபின் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். உனக்காக நான் இரண்டு தடவை டொக்டரைப் பார்க்க நேரம், டெர்மின், எடுத்தேன். திகதி எழுதிய துண்டுச் சீட்டை உன் நண்பனிடம் கொடுத்தேன். நீ போய் வந்தாய், ஒன்றுமில்லை என்றார்கள் என்று அவன் சொன்னான்.

அவ்வளவும் எனக்கு விளங்கியது. அது விளங்காத ஜெர்மனாக இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

டொக்டர் வயதானவர், பொறுமையானவர். விழுந்தாயா என்று கேட்டார். காய்ச்சல் இருந்ததா, தோள் சிவந்து வீங்கியதா, விரல்கள் மரத்துப்போகின்றனவா, நடக்கும்போது நெஞ்சும் சேர்ந்து இறுக்குகிறதா என்று கேட்டார். அப்படி ஏதாவது இருந்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினேன். கையை நீயே தூக்கு என்றார். தோள் வரைகூட வரவில்லை. பிறகு என்னைத் தளர்வாக இருக்கச் சொல்லி, அவரே மெல்லத் தூக்கினார். அதே இடத்தில்தான் நின்றது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பப் பார்த்தார். அசையவே இல்லை. தசையில் பிழை என்றால் அடுத்தவர் தூக்கும்போது பெரும்பாலும் போகும், இது யார் தூக்கினாலும் போகாது, அதுதான் அடையாளம் என்று செஃபினுக்குச் சொன்னார். படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பில் பிழை இல்லை.

உறைந்த தோள் என்று இப்போது தமிழில் சொல்கிறார்கள். மூட்டைச் சுற்றி இருக்கும் பை போன்ற உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. எனக்கு விளங்கவில்லை என்று கண்ட செஃபின், கொதிநீரில் போட்ட கம்பளிச் சட்டையைக் கைகளால் காட்டினார். முதலில் இவ்வளவு, பிறகு இவ்வளவு. துணி தோய்க்கிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கடைசியாகச் சிறுநீர் கேட்டார்கள். அதில் சீனி இருந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தத் தோள் வருத்தம் அதிகம் வருமாம். இரவில் நாலு தடவை எழுந்து போனதையும், தண்ணீர் குடித்துத் தீராததையும் நான் தோள் வலியால் வந்த தூக்கமின்மை என்றே நினைத்திருந்தேன்.

ஏன் இவ்வளவு நாள் விட்டாய் என்று டொக்டர் கேட்டார். சில கிழமையில் குறையாத வலி, தூக்கத்தைக் கலைக்கும் வலி, நாளுக்கு நாள் எட்டும் தூரம் குறைகிற கை, இவற்றில் ஒன்று இருந்தாலும் வந்து காட்ட வேண்டும் என்றார். முன்பே வந்திருந்தாலும் தோள் இறுகியிருக்கலாம், ஆனால் இரவு வலிக்கு ஊசி போட்டிருக்கலாம், துவாயில் கட்டி வைக்காமல் கையை அளவோடு ஆட்ட வைத்திருக்கலாம், சீனியையும் கண்டுபிடித்திருக்கலாம் என்றார். நான் செஃபினைப் பார்க்கவில்லை. அவரிடமிருந்து ஆறு மாதம் தோளை மறைத்த வெட்கம் வேறு.

மாலை ஆறு மணிக்கு அண்ணை வந்தார். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன்.

"அண்ணை, சித்திரையில செஃபின் ஒரு துண்டு தந்தவவோ?"

"என்ன துண்டு?"

"டொக்டரிட்டப் போற துண்டு. அட்டையில என்ர பேர் கிடக்கு. ரெண்டு தரம்."

கழற்றிய சப்பாத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நீ ஊசியெண்டாப் பயப்பிடுவாய். அதுதான்."

"நான் பயமெண்டு சொன்னனானோ?"

"எல்லாம் வாய் திறந்து சொல்லோணுமே?"

"அப்ப ஏன் போயிட்டு வந்திட்டான் எண்டு அவவுக்குச் சொன்னனீங்கள்?"

சப்பாத்தைக் கீழே வைத்தார். "நீ வீட்டில நிண்டா எனக்குச் சோடி ஆர்? திரும்ப அந்த அறைக்குத்தான் விட்டிருப்பா. அங்க நீ ஒரு நாள் நிண்டு பார், பிறகு வந்து என்னைக் கேள்." என் கையைப் பார்த்தார். "நான் உனக்கு என்னடா குறை வைச்சனான்? ஆறு மாசம் சட்டை போட்டுவிடேல்லையோ? உன்ர வேலையையும் சேத்து நானெல்லோ செய்தனான்?"

அது உண்மை. பிறகு டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் தெளிந்தது.

"பாத்தியோ! முந்திப் போயிருந்தாலும் இது வந்திருக்கும் எண்டு டொக்டரே சொல்லிப்போட்டார்."

"சீனி, அண்ணை?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுக்குத்தானே அண்ணை டொக்டர்."

அவரை எதிர்த்து நான் பேசியது அவ்வளவுதான்.

செஃபின் என்னை நிறுத்தவில்லை. தாழ்வான மேசையில் கைத்துண்டு மடிக்கும் வேலைக்கு மாற்றினார். அண்ணையை அழுக்கு அறைக்கு அனுப்பினார். தண்டனையாக அல்ல, சோடி இல்லாததால். அறையில் நாங்கள் சாப்பாட்டுக்கும் சாவிக்கும் மட்டும் பேசிக்கொண்டோம். காலையில் அவர் பொத்தான் போட்டுவிடக் கை நீட்டினால் நான் திரும்பி நின்று இடது கையால் போட்டுக்கொள்வேன். கிழமைக்கு இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, சுவரில் விரல்களை எறும்பு போல ஊரவிட்டு மேலே கொண்டுபோவது. கை தலைக்கு மேலே போக ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. முதுகுப் பக்கம் இன்றும் முழுதாகப் போகாது.

மூன்று கிழமையில் வேறு அறை கிடைத்தது. என் பெட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு ட்ராம் தரிப்புக்கு நடந்தேன். விடு, நான் கொண்டாறன் என்று அண்ணை இரண்டு தடவை சொன்னார். நான் விடவில்லை. அவர் பின்னாலேயே வந்தார். ட்ராம் வந்தது. அந்தக் காலத்து ட்ராமின் படி உயரம். ஒரு கையால் பெட்டியை அதில் ஏற்ற எனக்கு ஏலவில்லை. சாரதி மணி அடித்தான். அண்ணை பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, ஒரே தூக்கில் உள்ளே வைத்தார். அதைச் செய்ய அவருக்கு நன்றாகவே முடிந்தது.

"மருந்தை மறக்காதை" என்றார்.

கதவு மூடியது. தரிப்பில் நின்றபடி அவர் கையை உயர்த்திக் காட்டினார். என் இடது கையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அதை நான் உயர்த்தவில்லை.