வடிவக்காவின் பந்தி

நாராயணவடிவு என்று கேட்டால் மலேசியாவின் கிள்ளானில் அந்த மலிவுவிலை ஃபிளாட்டில் யாரும் உதட்டைத்தான் பிதுக்குவார்கள். வடிவக்கா என்று கேளுங்கள், வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். விடிவதற்குள் கொமுட்டர் ரயில் பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் நாளெல்லாம் காய் நறுக்கி, சாம்பார் இறக்குகிற மனுஷி. ஆறு நாள் கூலிக்குச் சமைத்தது போதாதா? போதாதாம். ஞாயிற்றுக்கிழமை அய்யாவுக்குச் சமைக்க வேண்டுமாம்!

நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அக்கா அய்யா வைகுண்டரின் வழி. நான்காவது மாடி வீட்டின் முன்னறையில் ஒரு நிலைக்கண்ணாடி, அதன்முன் விளக்கு, அவ்வளவுதான். சிலை கிடையாது, உண்டியல் கிடையாது. கும்பிட வருகிறவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக் கும்பிட வேண்டும். சாமி அவரவருக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் நிற்பார்கள். அய்யா முன்னால் எல்லோரும் ராஜா. யாராக இருந்தாலும் நெற்றியைத் தொட்டுத்தான் வெள்ளை நாமம் இடுவார்கள், எட்ட நின்று தூக்கிப் போடுகிற பேச்சே இல்லை.

கும்பிட்டு முடித்ததும் பந்தி. அரிசியும் பருப்பும் காயும் ஒரே பானையில் வெந்த சோறு. கடைசி ஆளுக்குப் பரிமாறும்வரை முதல் ஆள் கை வைக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெரிய காரில் வந்த, டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் அவசரமென்று சோற்றில் கை வைக்கப் போக, "பொறுங்க லா டத்தோ, சோறு எங்கயும் ஓடிப் போகாது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அந்த டிசம்பர் மழை. சனிக்கிழமை விடாமல் கொட்டி, ஞாயிறு விடிந்தபோது கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். கீழே இருந்தவர்கள் கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு மேலே ஓடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் ரோஹானி. காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி விற்றுப் பிழைக்கிற மலாய்க்காரப் பெண். வடிவக்காவின் புருஷன் லோரி விபத்தில் போனபோது, கஞ்சி காய்ச்சிக்கொண்டு தினமும் மாடியேறி வந்து, குடித்து முடிக்கும்வரை நகராமல் உட்கார்ந்திருந்தவர். அக்கா அதை ஒரு நாளும் மறந்ததில்லை.

வீட்டிலிருந்த அரிசியில் ஒரு டப்பாவை மட்டும் மறுநாளைக்கு ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் அக்கா உலையில் போட்டார். வெந்ததும் பழக்க தோஷத்தில் பானையைத் தூக்கிப்போய்க் கண்ணாடி முன் வைத்து, கும்பிட்டு, எடுத்துவந்தார். அங்கேதான் பிசகிப்போயிற்று.

மாடி நடைபாதையில் பந்தி உட்கார்ந்தது. வாழையிலைக்கு எங்கே போவது? ரோஹானி நனையாமல் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்த நாசி லெமாக் மடிக்கிற தாள்தான் எல்லோருக்கும் இலை. பரிமாறிக்கொண்டே அக்கா வரிசையின் கடைசிக்கு வந்தார். அங்கே ரோஹானி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இது சாமிக்கு வெச்சதா?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார் ரோஹானி.

அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் தன் சைவச் சமையலைக் கூசாமல் சாப்பிட்டவள்தான். ஆனால் சாமிக்கு வைத்ததை அவள் மார்க்கத்தில் உண்ண மாட்டார்கள். இது தெரியாதா எனக்கு? எப்படி மறந்தேன்?

பக்கத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சபாபதி, ஞாயிறுதோறும் கும்பிட வருகிறவர், காதருகே குனிந்தார். "இல்லன்னு சொல்லிடுங்கக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"பந்தியில பொய்யப் பரிமாறச் சொல்லுதியா?" என்று சீறினார் அக்கா. பிறகு ரோஹானியிடம், "ஆமா, வெச்சதுதான்" என்றார்.

"டாக் ஆப்பா லா அக்கா, பரவால்ல. எனக்குப் பசியில்ல." முந்தைய நாள் மதியத்திலிருந்து வெறும் வயிறு.

அக்கா கரண்டியைப் பானையில் போட்டார். "நாளைக்கு வெச்ச அரிசி இருக்கு. தனியா பொங்குதேன். அதக் கண்ணாடி முன்னால கொண்டு வைக்க மாட்டேன்."

"அய்யாவுக்கு வைக்காத சோறு பந்திக்கு எப்படிக்கா வரும்?" சபாபதி நிஜமாகவே பதறினார்.

"கண்ணாடி முன்னால ரோஹானி நின்னா யாரு தெரிவா? ரோஹானிதானே? அப்ப அவ சாப்பிட்டாலே அது அய்யாவுக்கு வெச்சதுதான் மக்களே."

சபாபதியே போய் அரிசியைக் களைந்தார்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். எதிரே சோறு ஆவி பறக்கிறது; வயிறெல்லாம் கபகபவென்று எரிகிறது. ஆனால் வரிசை முடியவில்லையே! "எல்லாரும் சாப்பிடுங்களேன்" என்று ரோஹானி கெஞ்சினார். இரண்டாவது மாடி ஹென்றி, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற மனிதர், கையைக் கட்டிக்கொண்டு, "வெயிட் பண்ணுவோம் லா. சோறு எங்கயும் ஓடிப் போகாது" என்றார். சிரித்துவிட்டார்கள். சோறு ஆறிக் கட்டியாகும்வரை ஒருவர்கூடக் கை வைக்கவில்லை. எப்பேர்ப்பட்ட ஜனங்கள்!

புதுச்சோறு வந்தது. ரோஹானியின் தாளில் அள்ளி வைத்துவிட்டு, அக்கா நிமிர்ந்து, "இனி சாப்பிடலாம்" என்றார்.

ரோஹானி கையை மடியில் வைத்துக்கொண்டார். "நீ எங்க சாப்பிடற?"

"நான் பரிமாறுதவ. பொறவு சாப்பிடுவேன்."

"பொறவுன்னா பானையில என்ன மிஞ்சும்? வரிசை முடியலக்கா. நீ உட்காரு."

அக்கா சபாபதியைப் பார்த்தார். அவர் கரண்டியை வாங்கிக்கொண்டார். வரிசை மொத்தமும் கை வைக்காமல் அக்காவையே பார்த்திருந்தது. அத்தனை வருடத்தில் தன் பந்தியில் ஒரு நாளும் உட்காராத வடிவக்கா, ரோஹானியின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ரோஹானி அக்காவின் முன் ஒரு தாளை விரித்து, தன் சோற்றில் பாதியைப் பிரித்து வைத்தார். அக்காவுக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. துடைக்காமலே முதல் கவளத்தை எடுத்தார்; அதன்பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட்டார்கள்.