பத்தாவது ஆளைக் கொண்டாந்த தழைச்சாமி

தழைச்சாமிய நம்பி மலை ஏறி எறங்குற சனங்களே, என் எழுத்து கோணலாத்தான் இருக்கும். வலது கை ரெண்டு எடத்துல ஒடிஞ்சு கூடின கை. ஒடிச்சவன் ஒரு கங்காணி. கூட்டி வச்சது சாமி. மெதுவாத்தான் எழுதுறேன், மெதுவாவே படிங்க.

சுதந்திரம் வந்து எட்டு ஒம்பது வருசம் இருக்கும். போடிக்கு மேல ஏலத்தோட்டத்துல காயெடுக்குற சோலி எனக்கு. புருசன் காய்ச்சல்ல போயிட்டாரு. தோட்டத்துச் சனங்க வரிசையாக் குடியிருந்த லயத்துல மூணாங் கிளாசு வரைக்கும் படிச்ச பொம்பளை நான் ஒருத்திதான். அந்தப் பெருமை அப்பவும் உண்டு, இப்பவும் உண்டு.

அந்த வருசம் போடியில ஒரு படிப்பு நடத்துனாங்க. எழுத்துச் சொல்லிக்குடுக்குற படிப்பில்ல. எழுத்தை எப்படிச் சொல்லிக்குடுக்கணும், ஒரு பாடத்தை எப்படிக் கட்டணும்னு சொல்லித்தர்ற படிப்பு. மதுரைக் காலேஜுல இருந்து ஒரு வாத்தியாரம்மா வருவாங்க. ஞாயித்துக்கெழமை தோறும் மலை எறங்கிப் போயிப் படிச்சேன். நான் தேறினா எங்க லயத்துக்குப் பள்ளிக்கூடம், நானே டீச்சர். தேறலேன்னா பள்ளிக்கூடம் வேற தோட்டத்துக்குப் போயிரும்.

மொத்தம் நூறு மார்க்கு, தேறுறதுக்கு ஐம்பது. பாடக்குறிப்பு எழுதுறதுக்கு முப்பது. கையால செஞ்ச படத்தட்டிக்கு இருபது. மிச்ச ஐம்பதும் வகுப்பு நடத்திக் காட்டுறதுக்கு. அதுல நான் பலகையில எழுதுனா பத்து, படிக்க வந்தவுக தானா எழுதுனா நாப்பது. அங்கதான் வாத்தியாரம்மாகூட எனக்குச் சண்டை. என் எழுத்துக்கு வெறும் பத்தான்னு கேட்டேன். "ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே, அதுக்கு எதுக்கு மார்க்கு"ன்னு சிரிச்சாங்க. இன்னொரு கண்டிசனும் உண்டு. எழுத்துக்குப் புதுசான பெரியவுக பத்துப் பேரு வகுப்புல உக்காரணும். ஒரு தலை கொறஞ்சாலும் அந்த ஐம்பதும் போச்சு.

லயத்துலயே பத்துப் பொம்பளைகளைச் சேத்து, ராத்திரியில எழுத்துச் சொல்லிக்குடுத்தேன். பத்தாவது ஆளு பேச்சி, எங்களை வேலை வாங்குற கங்காணியோட பொண்டாட்டி. அவனுக்குத் தெரியாமத்தான் வந்தா. எல்லாரையும் விட வெரசாப் படிச்சவ அவதான், அதுவே வெனையாச்சு. அவ பொறந்த ஊரு தேவாரத்துல இருந்து அண்ணன் போடுற காயிதமெல்லாம் கங்காணி கைக்குத்தான் வரும். எல்லாரும் சுகமாம்னு ஒத்த வரியில சொல்லிட்டுப் பொட்டியில போட்டுருவான். பேச்சி ஒரு நா அந்தப் பொட்டியத் தொறந்து எழுத்துக்கூட்டிப் படிச்சிருக்கா. ஆத்தா சாகக் கெடக்கு, ஒன் பேரச் சொல்லி அழுகுது, வந்து மொகத்தக் காட்டிட்டுப் போன்னு எழுதியிருக்கு. அது வந்து ஏழு மாசம். அடுத்த காயிதத்துல கருமாதிச் சேதி.

அவனை நேருக்கு நேரா நின்னு கேட்டுட்டா. அவ தலையப் பிடிச்சு அம்மியில மோதினான். பல்லு ரெண்டு வாசல்ல கெடந்துச்சு. அப்புறம் என் வீட்டுக்கு வந்தான். பரிட்சைக்கு மொத நா சாயங்காலம். படத்தட்டிய நாலாக் கிழிச்சான். காப்பிச்செடிக் கம்பால அடிச்சான். தலையில விழாம இருக்கக் கையக் குடுத்தேன். எலும்பு ஒடிஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. விழுந்தப்பெறகும் மிதிச்சான். "எந்தக் கையால எழுதுறன்னு பாக்குறேன். நாளைக்கு எவளாச்சும் மலை எறங்குனா, காலை வெட்டுவேன்"னான்.

லயத்துல ஒரு கதவும் தொறக்கல. பழஞ்சேலையக் கிழிச்சு நானே கையக் கட்டிக்கிட்டேன். அன்னைக்குத்தான் சாமிகிட்ட வாய் விட்டுக் கேட்டேன். கையக் கேக்கல. பேச்சி எந்திரிக்க முடியாமக் கெடந்தா. "ஒம்போது பேருதான் இருக்காக. தழைச்சாமி, பத்தாவது தலை வேணும். எங்கிருந்தாச்சும் கொண்டா."

ஜீப்புல போற பிள்ளைகளுக்குத் தெரியாது, அதுக்காகச் சொல்றேன். அடிவாரத்து முந்தலுக்கு எறங்குற நடைபாதையில மூணாவது திருப்பத்துல ஒரு கல்லு. அதுதான் தழைச்சாமி. கூரை கெடையாது, பூசாரி கெடையாது. போறவுக வாறவுக பச்சைத் தழை ஒண்ண ஒடிச்சு மேல போடணும். போட்டுட்டா யானை மறிக்காது, கால் தவறாது.

விடிஞ்சதும் ஒம்போது பேரும் வந்து நின்னாக. நேத்துக் கதவத் தொறக்காததைப் பத்தி ஒருத்தியும் வாயத் தொறக்கல. தூக்குச்சட்டியில கஞ்சியோட நின்னாக, அது போதும் எனக்கு.

திருப்பத்துல கங்காணி நின்னான். கூட ரெண்டு ஆளு. மூணு பேரு கையிலயும் அருவா. முன்னாடி போனது நான். இடது கையால தழைய வைக்கக் குனிஞ்சேன், முதுகுல மிதிச்சான். மொகம் கல்லுல இடிச்சு வாயெல்லாம் ரத்தம். இந்தக் குப்பையா ஒங்களைக் காக்குதுன்னு சொல்லி, கல்லு மேல குமிஞ்சிருந்த தழை அம்புட்டையும் காலால எத்திப் பள்ளத்துல தள்ளினான்.

அதுதான் அவன் செஞ்ச தப்பு. எங்களை வெட்டியிருந்தா அந்த ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னிருப்பாக. ஆனா அந்தக் குமியில அவுக போட்ட தழையும் கெடந்துச்சு. அதுல ஒருத்தன் பேரு சின்னாண்டி. அவன் பொண்டாட்டி புள்ளத்தாச்சி, முந்தாநாள்தான் அந்த வழியாத் தாய் வீட்டுக்கு எறங்கிப் போனா. அவ போட்ட தழையும் பள்ளத்துல போயிருச்சு.

கங்காணி என் கழுத்துக்கு அருவாவ ஓங்கினான். சின்னாண்டி அந்தக் கையப் பிடிச்சான். ரெண்டு பேரும் கட்டிப் பொரண்டாக. அருவா எப்படித் திரும்புச்சுன்னு நான் பாக்கல. கங்காணி தொடையில ஏறி எலும்புல நின்னுச்சு. அவன் ரத்தம் அந்த வெறுங்கல்லு மேல அடிச்சுச்சு. இன்னொருத்தன் துண்டால இறுக்கிக் கட்டி, தோளுல போட்டு மேல தூக்கிட்டுப் போயிட்டான்.

சின்னாண்டி தோட்டத்துக்கு ஏறுற பாதையத் திரும்பிப் பாத்தான். "இனி மேல போக முடியாதுக்கா. எங்க போவேன்?"

"ஒனக்கு எழுதத் தெரியுமா?"

"கைநாட்டுதான்."

"அப்ப எங்ககூட வா. ஒரு தலை கொறையுது."

பொம்பளைக சிரிச்சுட்டாக. அந்த ரத்தத்துல நின்னுக்கிட்டுச் சிரிச்சோம். அப்புறம் ஆளுக்கொரு தழை ஒடிச்சுக் கல்ல மூடினோம். பேச்சிக்கும் சேத்து ஒண்ணு.

போடியில வாத்தியாரம்மா எங்களைப் பாத்துப் பதறிப்போயி, பரிட்சையத் தள்ளி வைக்கவான்னு கேட்டாங்க. வேணாம்னேன். பலகையில என்னால ஒரு கோடு இழுக்க முடியல. வாயால சொன்னேன், அவுக எழுதினாக. அன்னைக்குப் பாடம் 'தழை'. கடைசியா சின்னாண்டி எழுந்தான். ரத்தம் காஞ்ச சட்டை, கையில சாக்கட்டி. பக்கத்துல இருந்தவ கையப் பிடிச்சு எழுதவைக்கப் போனா, நான் விடல. ரெண்டு தரம் அழிச்சான். மூணாந் தரம் எழுதிட்டு என்னையப் பாத்தான். "இதுதானாக்கா அது?" அதேதான்னேன். பலகையத் தொட்டுக் கும்புட்டான்.

பாடக்குறிப்புக்கு இருபத்திரெண்டு. படத்தட்டிக்குச் சுழி. என் எழுத்துக்குச் சுழி. அவுக எழுத்துக்கு முப்பத்தஞ்சு. மொத்தம் ஐம்பத்தேழு, தேறிட்டேன். கை நல்லா இருந்திருந்தா நானே எழுதித் தள்ளிப் பெருமையடிச்சிருப்பேன். அந்தச் சுழிய வாங்கித்தான் நான் டீச்சர் ஆனேன்.

போலீசு வந்துச்சு. நடந்தத நடந்தபடி சொன்னோம். காயிதத்துல பெருவிரலை வைக்கச் சொன்னாக. ஒம்போது பேருல ஒருத்திகூட விரலை நீட்டல. பேரை எழுதினாக. சின்னாண்டிய விட்டுட்டாக. கங்காணி நொண்டிக்கிட்டே தோட்டத்தை விட்டுப் போனான். பேச்சி அவன்கூடப் போகல. தேவாரம் போயி ஆத்தாளைப் பொதைச்ச எடத்துல அழுதுட்டு வந்து, என் பள்ளிக்கூடத்துல மொத வரிசையில உக்காந்தா.

மலைக்கு வந்தா அந்தத் திருப்பத்துக்கு ஒரு தரம் நடந்து போங்க. தழை ஒண்ணு ஒடிச்சுப் போடுங்க. வேணுங்கிறதக் கேளுங்க. எந்த ரூபத்துல தரணும்னு மட்டும் சாமிக்குச் சொல்லிக்குடுக்காதீக. பத்தாவதா ஒரு பொம்பளை வருவான்னு நான் வழி பாத்தேன். அவரு அருவாவோட ஒருத்தனை அனுப்புனாரு.