அறுபது நாளில் நாற்பதாயிரம்

2005ஆம் ஆண்டு, தீபாவளிக்கு இரண்டரை மாதம் இருக்கும்போது ஹட்டனில் ஆரம்பித்த விஷயம் இது. தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்று அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. டவுனுக்கு இரண்டு மைல் தள்ளி, தோட்டத்து எல்லையில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு நானும் மனைவியும் இருந்தோம்.

வைப்புப் பணத்தின் வட்டியை எடுக்க வங்கிக்குப் போனேன். ஓர் இளம் அதிகாரி என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கிரெடிட் கார்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அறுபது நாளுக்குள் கார்டில் நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், ஐயாயிரம் ரூபாய்க்குப் பரிசு வவுச்சர். முதல் வருடம் கட்டணம் இல்லை. "சேர், எப்படியும் வீட்டுக்குச் செலவு பண்ணத்தானே போறீங்க? அதையே இதுல பண்ணுங்க" என்றார்.

நான் உடனே கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். வீட்டுச் செலவு மாதம் ஒன்பதாயிரம், இரண்டு மாதத்துக்குப் பதினெட்டாயிரம். கூரைத் தகரம் மாற்றப் பதினாலாயிரம். மிச்சம் எட்டாயிரம்தான். அறுபது நாளில் எட்டாயிரத்துக்கு ஒரு வழி பிறக்காதா என்று நினைத்தேன்.

மனைவி கணக்கைப் பார்க்கவே இல்லை. "ஐயாயிரம் வாங்க நாப்பதாயிரம் செலவழிக்கணும். இதுக்குப் பேரு பரிசாங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாளே படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பதிவுத் தபாலில் கார்டு வந்தது. வந்த நாளை நாட்குறிப்பில் எழுதி, அதிலிருந்து அறுபதாவது நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அது தீபாவளி முடிந்து நான்காவது நாள். அதன் பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. ஹட்டன் பிரதான வீதியில் அறுபத்து நான்கு கடைகளில் ஏறி இறங்கிக் கேட்டேன். கார்டு மெஷின் இருந்தது நான்கில். மரக்கறிக் கடையில் இல்லை. மீன்காரரிடம் இல்லை. நாங்கள் மருந்து வாங்கும் பாமசியில் இல்லை. கரண்ட் பில் கட்டினால் அது சேராதாம். பதினெட்டாயிரம் என்று நான் போட்ட வீட்டுச் செலவு ஆறாயிரத்து இருநூறாகச் சுருங்கியது. அதிலும் குளிக்கவும் துவைக்கவும் ஆறு மாதத்துக்குத் தேவையான சவர்க்காரம் அடக்கம். தகரம் வாங்க மெஷின் உள்ள கடைக்குப் போனதில் அறுநூறு ரூபாய் கூட. தொகையை எட்டவைக்க ஆறாயிரத்து நூறுக்கு இரண்டு கம்பளியும் ஒரு மின்சாரக் கேத்தலும் சாப்பாட்டுக் கோப்பைகளும் வாங்கினேன். இதில் ஒன்றுகூட எங்களுக்குத் தேவையில்லை. அதற்குப் பிறகும் பதின்மூவாயிரத்து நூறு குறைந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அங்கே இருப்பவர்களுக்குத் தோட்டம் தீபாவளி முற்பணம் கொடுக்கப்போகிறது. எல்லோரும் எப்படியும் துணி எடுப்பார்கள். மெஷின் உள்ள துணிக்கடைக்கு அவர்களைக் கூட்டிப்போய், பில்லை என் கார்டில் போட்டு, காசை நான் வாங்கிக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்?

மூன்று வீட்டுப் பெண்களிடம் பேசினேன். அவர்களில் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவிக்கு வீட்டு வேலையில் கைகொடுக்க வருபவள். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, காசு வந்தால் வரும். ஒரே மகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்து, ஜனவரியில் டவுன் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர இருந்தாள். மற்ற இருவரும் உடனே சரி என்றார்கள். இவள் தயங்கினாள்.

"நம்ம பழைய கடை முதலாளிகிட்டதாங்க ஐயா வருசா வருசம் எடுக்கிறது. அங்க எடுக்கலன்னா கோவிச்சுக்குவாரு. ஜனவரியில புள்ளைக்குச் சப்பாத்து, பேக்கு, கொப்பி எல்லாம் அவருகிட்டதான் கடனுக்கு வாங்கணும்."

"ஒரு சேலைக்காகவா கோவிச்சுக்குவாரு? இந்தக் கடையில வெலை எழுதியே ஒட்டியிருக்கு, பேரம் பேசுற வேலை இல்ல. உனக்கு ஒரு சதம் கூடப் போகாது. கணக்குப் பண்ணிப் பாரு."

அவள், "சரிங்க ஐயா" என்றாள்.

தீபாவளிக்கு மூன்று நாளைக்கு முன், மழையில், நாலு பேரும் போனோம். துணி எடுக்க முக்கால் மணி நேரம். மெஷினுக்கு டெலிபோன் லைன் கிடைக்க ஒன்றரை மணி நேரம். கடைக்காரர் கார்டைத் தேய்ப்பார், மெஷின் கீச்சிடும், லைன் அறுந்துபோகும்.

மூவரில் வயதில் மூத்தவள் அலுத்துப்போய், "அதைத் தேய்ச்சா காசு வருமாங்க ஐயா? நாங்களும் பொறந்ததுல இருந்து ஒடம்பத் தேய்க்கிறோம், அழுக்குத்தான் வருது" என்றாள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியில் பில் போட்டபோது கார்டுக்கு நூற்றுக்கு மூன்று கூட என்றார் கடைக்காரர். பதின்மூவாயிரத்து இருநூறுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றாறு ரூபாய். ஒரு சதம் கூடப் போகாது என்று சொல்லிவிட்டேனே, அதை நானே கைக்காசாகக் கொடுத்தேன். அப்படியும் நாற்பதாயிரத்துக்கு மேல் நூறு ரூபாய் தாண்டிவிட்டது என்று சந்தோஷமாக வீடு திரும்பினேன்.

டிசம்பர் பாதி வரை வவுச்சர் வரவில்லை. வங்கியின் கொழும்பு நம்பருக்குப் போன் போட்டேன். பதினேழு நிமிடம் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்த பிறகு ஒரு பெண் வந்தார்.

"சேர், அறுபது நாளை கார்டு அப்ரூவ் ஆன நாள்ல இருந்து எண்ணுவோம். உங்க கடைசி பில் நாலு நாள் லேட்."

"கார்டு என் கைக்கு வந்ததே பதினோரு நாள் கழிச்சு. இல்லாத கார்டை வச்சு நான் எப்படிம்மா சாமான் வாங்குறது?"

"கண்டிஷன்ஸ்ல இருக்கு சேர்."

இருந்தது. பதினான்காவது நிபந்தனை. பூதக்கண்ணாடி வைத்து எல்லாவற்றையும் படித்தவன்தான் நான். ஆனாலும் தோட்டத்து அலுவலகத்தில் உர மூட்டையோ தகரமோ, ஸ்டோருக்கு வந்து இறங்கிய நாளில்தான் புத்தகத்தில் ஏறும். முப்பத்தோரு வருடம் அப்படியே எழுதிய கை, கார்டையும் அப்படியே எழுதியிருக்கிறது. எரிச்சலில் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்து மூன்றாம் நாள், மனைவி சொன்னாள். "அந்தப் புள்ள இன்னும் பள்ளிக்கூடம் போகல, தெரியுமா உங்களுக்கு? கடையில கடன் குடுக்கலியாம்."

நேராகப் பழைய கடைக்குப் போனேன். முதலாளி எழுந்து கும்பிட்டார், உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"கிளாக்கர் ஐயா, நீங்க கணக்குல கெட்டிக்காரரு. நானும் கொஞ்சம் கணக்குத் தெரிஞ்சவன். அந்தப் பொம்பள வருசம் பூரா எங்கிட்டக் கடனுக்கு எடுக்கும். தீபாவளிக்கு மட்டுந்தான் கைக்காசு. அந்த ஒரு நாளைக்கும் நீங்க அடுத்த கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்க. தோட்டத்து ஸ்ட்ரைக் நேரம் சம்பளம் இல்லாம இருந்தப்ப, ஒன்றரை மாசம் அந்தக் கடைக்காரனா அரிசி குடுத்தான்?"

சப்பாத்து, பை, கொப்பிகளுக்கு நானே காசு தருகிறேன் என்றேன். சப்பாத்தின் அளவு கேட்பாரே என்று அப்போதுதான் உறைத்தது. அவர் கேட்கவில்லை. "போன வருசம் மூணாம் நம்பரு. இந்த வருசம் நாலு போதும்" என்று தானே எடுத்துவைத்தார். எல்லாம் ஆயிரத்து நானூற்று எழுபது ரூபாய். கடன் விஷயத்தைப் பேச்செடுத்தபோது, "அந்தப் பொம்பளயே வந்து கேக்கட்டும். ஒங்களுக்கு அதுல வேலை இல்லீங்க" என்று முடித்துவிட்டார்.

சாமானோடு லயத்துக்கு இறங்கினேன். அவள் வாசலில் நின்றாள், உள்ளே வரச் சொல்லவில்லை. என் கையில் இருந்த பையை வாங்கவும் இல்லை.

"மொதல்லயே உறுதியா முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே. நான் என்ன கட்டாயப்படுத்தினேனா?" என்று கேட்டேன். குற்றத்தில் பாதியை அவள் தலையில் இறக்கிவைக்கப் பார்த்தேன் என்பது இப்போது புரிகிறது.

"எப்படிங்க ஐயா சொல்றது?" என்றாள். "எங்க அம்மா பேருக்கும், எம் பேருக்கும் நீங்கதான் சம்பளக் கணக்கு எழுதினீங்க. பெரிய கிளாக்கர் வந்து கேட்டா லயத்துல யாரு மாட்டேன்னு சொல்லுவா? அந்த ரெண்டு பேரும் மட்டும் ஆசைப்பட்டா வந்தாங்க?"

பிறகு, பிள்ளைக்காக, பையை வாங்கிக்கொண்டாள். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், மாதம் இருநூறாக அந்தக் காசை என் மனைவியிடம் கொடுத்துத் தீர்த்தாள். மகள் மறுநாளே பள்ளிக்கூடம் போனாள். இவள் முதலாளியிடம் இரண்டு தடவை போய் நின்றதாகக் கேள்விப்பட்டேன். அரிசியும் பருப்பும் கொடுத்தாராம், துணிமணி கடனுக்குக் கொடுக்க அடுத்த தீபாவளி வரவேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எங்கள் வீட்டுக்கு வருவது மட்டும் நின்றுபோனது.

கார்டை வங்கியில் திருப்பிக் கொடுத்தேன். அதற்கும் ஒரு படிவம், இரண்டு பிரதி. அந்த நாற்பதாயிரத்தை இன்றைக்கும் சதம் தவறாமல் என்னால் ஒப்புவிக்க முடியும். ஆனால் இந்த இருபது வருடமாக, யாரிடமாவது எதையாவது கேட்கப் போனால், எதிரில் நிற்பவர் என்னிடம் மாட்டேன் என்று சொல்லக்கூடியவர்தானா என்பதை முதலில் பார்த்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால், கேட்காமலே திரும்பிவிடுகிறேன்.