செக்ரோலில் இல்லாதவர்கள்

பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் அலுவலகக் கிளாக்கர். கொரோனா காலத்துத் தடுப்பூசி அறிவித்தல்களால் குழம்பிப்போயிருந்தேன். காலையில் முப்பது வயதுக்கு மேல் என்பார்கள், மாலையில் அறுபதுக்கு மேல்தான் முதலில் என்பார்கள். எதை நம்புவது? கடைசியில், தோட்டத்தில் அறுபது தாண்டியவர்களின் பெயர்களை உடனே அனுப்பச் சொல்லி சுகாதார அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

வழக்கம்போல், வேலையாட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலை எடுத்தேன். இரண்டு தடவை புரட்டினேன். "யாரும் இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் தடுப்பூசி வாகனம் எங்கள் தோட்டத்தில் நிற்காமல் மேலே போய்விட்டது. கைச்செலவுக்காக எங்கள் அலுவலகத்துக்குத் தினமும் தேநீர் போட்டுத் தரும் செல்லமுத்து, அடையாள அட்டையும் கையுமாக இன்னும் பத்துப் பேரோடு வாசலில் நின்றார்.

"ஏங்கய்யா, வண்டி நிக்காம போகுது? எங்க பேரு குடுக்கலீங்களா?"

"செக்ரோல்ல இல்லையே..."

"எப்படிங்கய்யா இருக்கும்? அறுபது வயசாயிருச்சுன்னு எங்க பேர நீங்கதானே வெட்டுனீங்க!"

அது எனக்குத் தெரியாதா என்ன?

சுகாதார அலுவலகத்துக்குப் போன் எடுத்து என் தவறைச் சொன்னேன். வாகனத்தில் வந்த சிங்களத் தாதி ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. இறங்கும் வழியில் நிறுத்தி, எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்டே போனார்.

ஆனாலும் அந்தப் பதினொரு பேரையும் எப்படி மறந்தேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. "யாரும் இல்லை" என்று எழுதும்போது நான் குடித்துக்கொண்டிருந்தது செல்லமுத்து போட்ட தேநீர்.