முழுகாமல் திரும்பிய மாசி மகம்

ஏதென்ஸ் நகரத்தை ஒட்டி கிளிஃபாடான்னு ஒரு கடலோர ஊர். மகள் அங்கே வேலை பார்க்கிறாளேன்னு போனேன். போன நாளிலிருந்து, கடலில் இறங்குகிறவர்களில் யாருக்கு என்ன ஆகுமோன்னு எனக்குப் பயம்தான். நேற்று கரையில் ஒரு சின்னக் குழந்தை, கடலில் இறங்கப் போன அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதது.

நானும் அப்படி அழுதவள்தான். எனக்கு அப்போது ஏழு வயது. மாசி மகத்துக்குக் கடலில் முழுக, எங்க ஊர் வல்லம் வடகாலிலிருந்து லாரியில் மாமல்லபுரம் போனோம். அப்பா கடலைப் பார்த்ததே அன்றைக்குத்தான். துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கப் போனவரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "போவாதப்பா, இஸ்துகினு பூடும்"னு கத்தினேன்.

சித்தப்பா அலைக்குள் நின்று சிரித்தார். "இன்னாண்ணா, கடலுக்குப் பயமா, பொண்ணுக்குப் பயமா?"

"பொண்ணுக்குத்தான்டா. அடுத்த வருசம் முழுவிக்கிறேன்."

சித்தப்பா சொம்பில் மொண்டு வந்த தண்ணியைத் தலையில் தெளித்துக்கொண்டு அப்பா கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பும்போது லாரியில் எல்லோர் துணியும் ஈரம். அப்பா வேட்டி மட்டும் காய்ந்திருந்தது.

அடுத்த மாசிக்கு அப்பா இல்லை. தை மாசமே காய்ச்சலில் போய்விட்டார்.

"விடும்மா, அப்பா முழுவிட்டு வரட்டும்," என்று நேற்று அந்தக் குழந்தையிடம் தமிழிலேயே சொன்னேன். அது என்னைப் பார்த்து மிரண்டு, அப்பாவின் காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டது.