புத்தகத்தில் உள்ளபடி மோர்க்குழம்பு

ஐப்பசி ஏழாம் தேதியிட்டு, நீல மையில், ஒரு தபால் அட்டையில் வந்த கடிதம் இது. என் மனைவிக்கு எழுதப்பட்டது.

"மதிப்பிற்குரிய நூலாசிரியைக்கு நமஸ்காரம். தங்கள் சமையல் நூலை என் மகள் அனுப்பப் படித்தேன். அடுத்த வாரம் கண் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் வந்து, தங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் அவளுடன் தங்க உத்தேசம். அங்கே அடுப்படியில் நிற்பது யார் என்பது தாங்கள் அறிந்ததே. ஆயினும் தங்கள் நூலில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் சமைத்தால், அது தாங்கள் சமைத்ததாகவே ஆகும் என்பது என் முடிவு. ஆகவே சாப்பிட ஆட்சேபம் இல்லை. மற்றவை நேரில்."

தபால் முத்திரையின் ஆங்கிலத் தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தேன். எழுதி முடித்த பிறகு சில நாள் கையிலேயே வைத்திருந்துதான் பெட்டியில் போட்டிருக்கிறார்.

அடுப்படியில் நிற்பவன் அவருடைய மருமகன். விழிஞ்ஞத்துக்காரன். கடலோரக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவும் சித்தப்பாக்களும் மீன்பிடிக்கப் போகிறவர்கள், இவன் படித்துவிட்டுப் புதிய துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறான். எங்கள் மாடியில் சைவம்தான் சமைக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு குடிவந்தவர்கள். அவள் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சமையல் முழுக்க அவன் பொறுப்பு. பதிவுத் திருமணம் முடிந்த நாளிலிருந்து அவளுடைய அப்பா அந்த வீட்டுக்கு வந்ததில்லை. தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா காலமாகிவிட்டாள்.

திருநெல்வேலியிலேயே கண்ணுக்குப் பேர்போன ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கள் கரமனைத் தெருவிலிருந்தே பலர் ரயிலேறி அங்கே போய் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறார்கள். அங்கிருந்து ஒருவர் கண்ணுக்காக இங்கே வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்குள்ள டாக்டர் தன்னுடைய பழைய மாணவன் என்று காரணம் சொல்லியிருந்தார்.

என் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டு, "இதென்ன கூத்து? நான் கீழே சமைச்சு மாடிக்குக் குடுத்து அனுப்பறேன். முடிஞ்சுது விஷயம்" என்றாள்.

அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. "வேண்டாம் மாமி. அவர் என் ஆத்துல, என் அடுப்புல சமைச்சதைச் சாப்பிடணும். ஒரு வேளையாவது. இல்லேன்னா அவர் வந்ததும் ஒண்ணுதான், வராததும் ஒண்ணுதான்."

மாடியிலேயே சமைப்பதென்று ஆயிற்று.

புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய அச்சகத்தில் நாங்களே செலவு செய்து போட்டது. முதல் பதிப்பில் வெறும் செய்முறைகள் மட்டும். இரண்டாம் பதிப்புக்கு, ஒவ்வொரு செய்முறையையும் என் மனைவி யாரிடம், எப்போது கற்றாள் என்ற விவரத்தைக் கேட்டுக் கேட்டு எழுதிச் சேர்த்தேன். அவளுக்கு அதில் விருப்பமில்லை. "சாப்பிடறவாளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றாள். அதனால் பக்கத்தின் அடியில் மிகச் சின்ன எழுத்தில் போட்டோம். மகள் அப்பாவுக்கு அனுப்பியது இரண்டாம் பதிப்பு.

அவர் பத்து நாள் தங்குவதாக ஒரு புதன்கிழமை காலையில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, ஒரு துணிப்பை. பைக்குள் புத்தகம். மாடிக்குப் போகும் முன்பு எங்கள் முன்னறையில் உட்கார்ந்து அதைப் பிரித்தார். பென்சிலால் ஒவ்வொரு பக்கத்திலும் சரி அல்லது பெருக்கல் குறி போட்டிருந்தார். பெரும்பாலும் பெருக்கல்.

"உங்க குறிப்பு எல்லாம் ரொம்ப நன்னாயிருக்கு சார். ஆதாரத்தோட எழுதியிருக்கேள்" என்று என்னைப் பாராட்டினார். "அதனாலதான் கஷ்டமாப் போச்சு."

எலுமிச்சை ஊறுகாய் பெருக்கல். அது தையல்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அம்மாள் சொல்லிக் கொடுத்தது. தக்காளிச் சட்னியும் பெருக்கல். பொன்முடி எஸ்டேட்டில் மழைக்கு ஒதுங்கியபோது தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடொன்றில் தோசையோடு கொடுத்தார்கள், அங்கேயே நின்று கேட்டு எழுதிக்கொண்டாள். எரிசேரி, ஓலன் இரண்டும் பக்கத்து வீட்டு நாயர் குடும்பத்தின் உபயம். மோர்க்குழம்பு அலுவலகத்தில் அடுத்த மேசையில் இருந்த தோழியிடம் கற்றது. அவள் என்ன ஜாதி என்பதை நான் எழுதவில்லை. ஆனால் "ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தின நாள்" என்று தேதிக்காக எழுதியிருந்தேன். அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. சாம்பாரைக்கூட அடித்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்த சமையல்காரர் யார், எவர் என்று தெரியவில்லையாம்.

எல்லாம் போக மூன்று தேறின. கோயில் மடைப்பள்ளிக்காரர் சொன்ன புளியோதரை. என் மாமியாரின் பருப்புத் துவையல். சர்க்கரைப் பொங்கல். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, ஆகவே இரண்டு.

"பத்து நாளும் புளியோதரையா?" என்றாள் என் மனைவி.

"துவையலும் இருக்கு மாமி" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் கீழே வந்தாள். "மாமா, அந்தச் சின்ன எழுத்தெல்லாம் அச்சகத்துல தப்பாப் போட்டுட்டான்னு சொல்லிடுங்கோளேன். மோர்க்குழம்பு மாமியோட அம்மா சொல்லிக் குடுத்ததுன்னு சொன்னா யாருக்கு நஷ்டம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள். "சொல்லிக் குடுத்தவ உயிரோட இருக்காடி. ஒவ்வொரு ஓணத்துக்கும் இந்தாத்துல வந்து உக்காந்து சாப்பிட்டுட்டுப் போறா. அடுத்த ஓணத்துக்கு வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுண்டு பரிமாறுவேன்?"

மாடிப்படியில் நின்றிருந்த மருமகன், "வேண்டாம், விட்டேக்கு. புளியோதரை நல்ல சாதனம் அல்லே" என்று தன் மலையாளத் தமிழில் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் சமையல் ஆரம்பித்தது. அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தப் பெண் வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே புத்தகத்தை வாசிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அவன் துறைமுகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றான். நான் சமையலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தேன். கூடத்தில் அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நடுவுல நிறுத்தாம வாசியுங்கோ சார். நிறுத்தினா அந்த இடத்துல அவர் சொந்தமா ஏதாவது பண்ணிடுவார்."

மருமகனை அவர் நேரே விளித்துப் பேசவில்லை. எப்போதும் 'அவர்'தான், அதுவும் மூன்றாம் ஆளிடம்.

அவனோ கிரேனுக்கான கையேட்டைப் பின்பற்றும் சிரத்தையோடு புத்தகத்தைப் பின்பற்றினான். "உப்பு தேவைக்கு" என்று வாசித்தேன். கரண்டியோடு நின்றுவிட்டான்.

"ஆருக்குத் தேவை, மாமா?"

"சாப்பிடறவாளுக்கு."

"அவரோடு சோதிக்காம்" என்று, அவரையே கேட்கலாம் என்னும் பொருளில், கூடத்தைப் பார்த்தான்.

கூடத்திலிருந்து பதில் வந்தது, எனக்கு. "மாமிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு போடச் சொல்லுங்கோ. சமைக்கறது அவாதானே."

நான் மாடிப்படி இறங்கி, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் உப்பு எவ்வளவு என்று கேட்டேன். ஒரு மேசைக்கரண்டி, குவிக்காமல் என்றாள். ஏறிப்போய்ச் சொன்னேன். பிறகு "பதம் வந்ததும் இறக்கவும்" என்ற வரிக்கு மறுபடி இறங்கினேன். எத்தனை நிமிஷத்தில் பதம் வரும் என்று புத்தகத்தில் இல்லை என்பது அவனுடைய ஆட்சேபம். "வந்தா தெரியும்னு சொல்லுங்கோ" என்றாள். அதை அவன் ஏற்கவில்லை. கடைசியில் பதத்தைச் செல்போனில் படம் எடுத்து அவளிடம் காட்டி அனுமதி வாங்கினேன்.

மறுநாள் இன்னொரு சிக்கல். காலையில் அந்தப் பெண் வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் கதவைத் தட்டினாள். கேட்கவே கூச்சப்பட்டாள். "மாமி குளிச்சாச்சான்னு அப்பா கேக்கறார்."

"எதுக்காம்?"

"குளிக்காம சமைக்கலாமோ, அதான்."

"நான் சமைக்கலையேடி. இன்னிக்கு இங்க பிரெட்."

"மாடியில சமைக்கறேளே மாமி."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பொருள் இரண்டாம் பதிப்பு. ஆனாலும் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் குளித்து வந்த செய்தி மாடிக்கு எட்டிய பிறகே அவன் அடுப்பைப் பற்றவைத்தான். ஆபரேஷன் நாள்வரைக்கும் தினமும் இதுவே நடைமுறை.

இலையில் உட்கார்ந்து அவர் சாப்பிடவும் சாப்பிட்டார். அந்தப் பெண் கேட்டது நடந்துவிட்டதாகத்தான் நான் நினைத்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை. "அவர் எங்காத்துல சாப்பிடலை மாமா. புஸ்தகத்துல சாப்பிடறார்" என்றாள். சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் குறைநிறைகளைச் சொன்னதும் எங்கள் வீட்டுக்கு வந்துதான். "மாமி, இன்னிக்குப் புளி கொஞ்சம் தூக்கல். நேத்திக்குத் துவையல் அமிர்தம்." என் மனைவி செய்யாத சமையலுக்குக் குறையும் கேட்டுக்கொண்டாள், பாராட்டும் கேட்டுக்கொண்டாள். குறை சொன்னபோது அவள் மருமகனுக்காகச் சண்டைபிடித்தாள்; பாராட்டியபோது அதைத் தானே வைத்துக்கொண்டாள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வலது கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. இடது கண்ணிலும் புரை இருக்கிறது, பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, குனியக் கூடாது, சில நாளைக்குச் சின்ன எழுத்து படிக்கக் கூடாது. சொட்டு மருந்தை வேளாவேளைக்கு ஊற்றியது மருமகன். அவர் அண்ணாந்து உட்காருவார், அவன் இமையை விலக்கி ஊற்றுவான். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

புதன்கிழமை வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து புளியோதரைப் பக்கத்தைப் பிரித்தேன். கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அது எந்தப் பக்கம் சார்?"

சொன்னேன்.

"வேற பக்கம் திருப்புங்கோ. வயிறு புண்ணாயிடுத்து."

"துவையல்?"

"அதுவும் வேண்டாம். ஏதாவது குளிர்ச்சியா இருக்கா பாருங்கோ."

மருமகன் என்னைப் பார்த்தான். நான் பக்கங்களைப் புரட்டினேன். குளிர்ச்சியானது என்று புத்தகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. "மோர்க்குழம்பு இருக்கு. ஆனா அதுல நீங்க பென்சிலால..." என்று ஆரம்பித்தேன்.

"பென்சில் எனக்குத் தெரியலையே சார். கண்ணு இப்படி இருக்கு."

"அடியில ஒரு குறிப்பும் இருக்கு. வாசிக்கட்டுமா?"

"சின்ன எழுத்தா?"

"ஆமாம்."

"சின்ன எழுத்து வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"நீங்க படிக்கத்தான் கூடாது. நான் வாசிச்சா நீங்க கேக்கத்தானே போறேள்."

"பழைய மாணவன், அக்கறையாச் சொல்லியிருக்கான். எதுக்கு வம்பு? பெரிய எழுத்தை மட்டும் வாசியுங்கோ."

பெரிய எழுத்தை வாசித்தேன். வெள்ளைப் பூசணி, புளித்த தயிர், தேங்காய், பச்சை மிளகாய், சீரகம். அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். உப்பு தேவைக்கு என்ற இடம் வந்ததும் நான் மாடிப்படிக்கு எழுந்தேன்.

"மாமியை எதுக்கு அலட்டறேள்?" என்றார் அவர். பிறகு கூடத்தில் இருந்தபடியே, யாரையும் பார்க்காமல், "அவருக்கே தெரியும்" என்றார்.

அவன் உப்பைக் கையால் அள்ளிப் போட்டான். அளக்கவில்லை. அன்று என் மனைவி குளித்தாளா என்றும் யாரும் கேட்டு வரவில்லை. அவள் பத்து மணிக்கே குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு காத்திருந்தாள். யாரும் வராததில் அவளுக்கு வருத்தம்தான்.

அந்தப் பெண் அரைநாள் விடுப்பில் வந்திருந்தாள். அவள்தான் பரிமாறினாள். அவர் முதலில் கொஞ்சம் பிசைந்து சாப்பிட்டார். பிறகு கையை இலையில் வைத்தபடி இருந்தார். நானும் மருமகனும் சமையலறை வாசலிலேயே நின்றோம்.

"இன்னும் கொஞ்சம் விடச் சொல்லு" என்றார் மகளிடம். அவள் பாத்திரத்தை எடுக்கக் குனிந்தாள். "நீ இல்லை. அவரை விடச் சொல்லு."

மருமகன் கரண்டியோடு வந்து விட்டான். அவர் போதும் என்று கையைக் காட்டியது அடுத்த கரண்டிக்குப் பிறகு. என் மனைவியிடம் அன்று குறையோ பாராட்டோ வந்து சொல்லவில்லை. புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து அவன் அவனுக்குத் தெரிந்ததைச் சமைத்தான். அவற்றில் சில எந்தப் பதிப்பிலும் இல்லாதவை.

ஊருக்குக் கிளம்பிய அன்று தம்பானூர் ஸ்டேஷன்வரை நானும் போனேன். பெட்டி எண்ணை மருமகன்தான் படித்துச் சொன்னான். அவன் சொல்வதற்குச் சற்று முன்பே அவர் சரியான பெட்டியை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்ததாக எனக்குத் தோன்றியது. கூட்டத்தோடு சேர்ந்து நடந்ததாகவும் இருக்கலாம்.

மோர்க்குழம்புப் பக்கத்தில் அவருடைய பென்சில் குறி பெரிதாகவே இருந்தது. அந்தப் புதன்கிழமை அவருடைய இடது கண்ணுக்கு அது தெரிந்திருக்குமா என்று மகளிடம் கேட்டேன். "நீங்க இதையும் அடியில எழுதப் போறேளா மாமா?" என்று மட்டும் கேட்டாள். டாக்டரிடம் விசாரிப்பது முறையல்ல என்று விட்டுவிட்டேன். இடது கண்ணால் அவரால் அன்று படிக்க முடிந்ததா என்பது இதை எழுதும் வரையில் உறுதி செய்யப்படவில்லை.